நிறுவும் முன்னாலேயே மனம் மாறிவிட்டது

ஒரு பென்டிரைவும் வேலையில்லாத ஒரு பிற்பகலும் இருந்தால் போதும். லினக்ஸுக்கு மாறலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு உங்கள் கணினியே பதில் சொல்லிவிடும். யாரோடும் வாதாட வேண்டியதில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குச் சலிக்கவில்லை. இங்கேயும் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். என் மடிக்கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறை. 8 ஜிபி ரேம், பளிச்சென்ற திரை, தட்டத் தட்ட இதமாக இருக்கும் விசைப்பலகை. இதைத் தூக்கிப் போட எப்படி மனம் வரும்?

நண்பர் ஒருவர் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் பார்க்கச் சொன்னார். தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, எட்சர் என்ற மென்பொருளால் பென்டிரைவில் ஏற்றினேன். கணினியைத் திறக்கும்போது எஃப்12 விசையைத் தட்டி (கணினிக்குக் கணினி இந்த விசை மாறும்) பென்டிரைவிலிருந்து பூட் ஆகும்படி செய்தேன். ஹார்டுடிஸ்கில் எதுவும் மாறவில்லை, எதையும் நிறுவவில்லை, ஆனால் முழு இயங்குதளமும் திரையில் வந்து நிற்கிறது! இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். வைஃபை பெயரைச் சொடுக்கிக் கடவுச்சொல் கொடுத்ததும் இணையம் வந்தது. பாட்டு ஒலித்தது. கேமராவில் என் முகம் தெரிந்தது. பிரின்டரை அதுவாகவே கண்டுபிடித்துக்கொண்டபோது வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் சற்றுக் குறைவுதான். அணைத்தால் செய்த மாற்றமெல்லாம் போய்விடும். ஆனால் இப்படி முழுதாகப் புழங்கிப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போகலாம் என்ற தாராளம் வேறு எந்தப் பொருளில் கிடைக்கிறது?

எனக்கு இருந்த பெரிய கவலை தமிழ்தான். நாள் முழுக்கத் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுகிறவன் நான். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் சேர்த்ததும், தமிழ்99 அப்படியே விரலுக்கு வந்துவிட்டது. பழைய தட்டச்சு முறைக்காரர்களுக்கு அதுவும் இருக்கிறது, ஆங்கில ஒலிப்படி தட்டுகிறவர்களுக்கு அதுவும் இருக்கிறது, இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகைகூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. காசு வாங்காமல் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு விசைப்பலகையையும் எண்ணிப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது என் மனம் நெகிழ்ந்துவிட்டது.

அப்புறம் என்ன, நிறுவினேன். முதலில் கோப்புகளையெல்லாம் வெளி ஹார்டுடிஸ்கில் நகலெடுத்து வைத்தேன். இதை மட்டும் யாரும் தவிர்க்கவே கூடாது. விண்டோஸையும் அழிக்கவில்லை. பக்கத்திலேயே மின்ட்டுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும் வசதி நிறுவும்போதே இருக்கிறது. கணினியைத் திறக்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவர்கள் இந்த வழியிலேயே இருப்பது நல்லது. அவை லினக்ஸுக்கென்று வருவதில்லை. சில இணைய விளையாட்டுகளும் ஓடாது. என் பிழைப்பு எழுத்து, மின்னஞ்சல், உலாவி, எப்போதாவது ஒரு கணக்குத்தாள். லிப்ரே ஆபீஸும் ஃபயர்பாக்ஸும் கூடவே வந்துவிட்டன.

டைம்ஷிஃப்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். கணினி நல்ல நிலையில் இருக்கும்போது அதன் அமைப்பை அப்படியே பதிந்து வைத்துக்கொள்ளும் கருவி அது. நாளைக்கு ஏதாவது அப்டேட் சரிவரவில்லை என்றால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இந்தத் தைரியத்தில் நான் நோண்டாத அமைப்பே இல்லை! அப்டேட்டும் அப்படித்தான்: மூலையில் ஒரு சின்னக் கேடயத்தில் புள்ளி தெரியும், நமக்கு நேரம் இருக்கும்போது சொடுக்கினால் போதும். வேலைக்கு நடுவில் அது குறுக்கே வந்ததே இல்லை.

1991-இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியதுதான், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல். இன்று உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் அதில்தான் ஓடுகின்றன, உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான். அதே கெர்னலைச் சாதாரண வீட்டுக்காரருக்கும் இதமாக இருக்கும்படி ஆக்கியதுதான் 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கிய மின்ட்டின் பெருமை. பதிப்புகளுக்குப் பெண் பெயர்களாக வைப்பது அவர்கள் வழக்கம். 2024-இல் வந்த மின்ட் 22-இன் பெயர் வில்மா. 2029 வரை ஆதரவு உண்டு. 2 ஜிபி ரேமே குறைந்தபட்சத் தேவை, வசதியாக ஓட 4 ஜிபி போதும் என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியரான சித்தப்பாவின் கணினியிலும் போன மாதம் பென்டிரைவைச் செருகிக் காட்டினேன்.

"ஏம்ப்பா, என் பழைய போட்டோ எல்லாம் என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது சித்தப்பா, இதோ பாருங்க" என்று, பென்டிரைவிலிருந்து ஓடிய மின்ட்டிலேயே அவருடைய ஹார்டுடிஸ்கைத் திறந்து படங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவரே மவுஸை வாங்கி, மெனுவைத் திறந்து திறந்து மூடினார். "இதுக்கு எவ்வளவு கட்டணும்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். விரும்பினால் நன்கொடை அனுப்பலாம், கொடுத்தவர்கள் பட்டியலை மாதாமாதம் அவர்களே வெளியிடுகிறார்கள் என்றும் சொன்னேன். சித்தப்பா உடனே, "அப்ப நீ அனுப்பினியா?" என்றார். மகிழ்ச்சியோடு அனுப்பியிருக்கிறேன், இன்னும் அனுப்புவேன்.