டேப்பட் சத்தம்: ஒரு சோம்பேறித் தீர்ப்பு

ஓசூர் பக்கம் இன்னும் பழைய ஃபோர்டு ஐகான் 1.6 வைத்திருப்பவர்கள் ஒரு தனி ரகம். 1999-ல் மறைமலை நகரிலிருந்து வந்த வண்டி. அந்த ரோகேம் இன்ஜினுக்காகவே தேடி வாங்கி, கேம்ஷாஃப்ட்டை ரீகிரைண்ட் செய்து, ஹெடர் போட்டு, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய் ட்யூன் பண்ணிக்கொண்டு வருவார்கள். கொஞ்ச நாளில் மேலே டிக் டிக் டிக். "டேப்பட் சத்தம் சார், ஆயில் திக்கா ஊத்துங்க." தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இதே வசனம்தான்.

நண்பர் ஒருவருக்கு வந்த பில்லில் 'டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட்' என்றே ஒரு வரி இருந்தது. கூத்து என்னவென்றால், இந்த இன்ஜினில் அட்ஜஸ்ட் பண்ண ஸ்க்ரூவே கிடையாது! அதே ஐகானில் வந்த 1.3 எண்டுரா இன்ஜினில் உண்டு; புஷ்ராடு, ராக்கர், ஃபீலர் கேஜ் எல்லாம் அங்கே. 1.6-ல் அந்த வேலையை ஹைட்ராலிக் லிஃப்டர் செய்கிறது. உள்ளே ஒரு பிளஞ்சர், ஸ்பிரிங், சின்ன குண்டு வால்வு. ஆயில் உள்ளே போகும், குண்டு அடைத்துக்கொள்ளும், லிஃப்டர் நீண்டு இடைவெளியை மூடும். அவ்வளவுதான்.

ஆக, அது சத்தம் போட்டால் கேட்க வேண்டிய கேள்வி: ஆயில் வரவில்லையா, வந்தது நிற்கவில்லையா, இல்லை மூட வேண்டிய இடைவெளியே அதன் எல்லையைத் தாண்டிவிட்டதா? 'டேப்பட் சத்தம்' என்ற சொல் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

20டபிள்யூ-50 ஊற்றினால் சூடான ஐட்லிங்கில் சத்தம் குறையலாம். கெட்டியான ஆயில் மெதுவாகக் கசியும். ஆனால் ஓசூர் டிசம்பர் காலையில் அதே ஆயில் லிஃப்டருக்குப் போய்ச் சேரவே நேரமெடுக்கும். மோசமானது வேறு: பேரிங் தேய்ந்து பிரஷர் இறங்கியிருந்தால் அதையும் இது மறைத்துவிடும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்திருக்கிறதே என்பார்கள். அந்த சுவிட்ச் மிகக் குறைந்த பிரஷரிலேயே திருப்தி அடைந்துவிடும் பிறவி. தனி கேஜ் மாட்டிப் பார்க்காமல் பேசுவது ஜோசியம்.

இன்னொரு புகார், இணையத்திலிருந்து இறக்குமதியாகும் அறிவுரை பற்றி. "ஹெட்டை ஃபேசிங் பண்ணியதால் லிஃப்டர் பிரீலோடு மாறிவிட்டது" என்கிறார்கள். அமெரிக்க புஷ்ராடு வி8-க்கு இது சரி. அங்கே கேம் கீழே பிளாக்கில், ராக்கர் மேலே ஹெட்டில். ரோகேமில் கேமும் லிஃப்டரும் வால்வும் மூன்றுமே ஹெட்டில்தான். ஹெட்டைச் சீவினால் கேம் டைமிங் லேசாக நகரும், பிரீலோடு அப்படியே இருக்கும்.

ரீகிரைண்ட் கேம்தான் உண்மையான சந்தேகநபர். லிஃப்ட் அதிகம் கிடைக்க, வால்வு மூடியிருக்கும் பக்கத்து வட்டத்தைச் சீவுவார்கள். வட்டம் சிறுத்த அளவுக்கு லிஃப்டர் கூடுதலாக நீள வேண்டும். அதன் எல்லை முடிந்தால் இடைவெளி நிற்கும். எந்த ஆயிலும், புது லிஃப்டரும்கூட அதை மூடாது.

நான் ஃபோனில் ரெக்கார்டு செய்து அலைவரிசை பார்க்கிற ஆள். 800 ஆர்பிஎம்-ல் கிராங்க் நொடிக்கு 13.3 சுற்று, கேம் 6.7. டிக் 6.7-ல் விழுந்தால் மேலே என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஹெடர் கேஸ்கெட்டில் ஒரு சிலிண்டர் லீக்கானாலும் அதே 6.7 தான்! குளிரில் அதிகமாகி, சூடானதும் உலோகம் விரிந்து அடங்கும் குணம்கூட ஒன்றே. இங்கே மென்பொருளைவிட பிளக் ஒயர் உதவும். ஒவ்வொன்றாகச் சில நொடி கழற்றி, எர்த் செய்து கேளுங்கள். எக்ஸாஸ்ட் லீக் என்றால் அந்த சிலிண்டரில் சத்தம் அமுங்கும், லிஃப்டர் கண்டுகொள்ளாது.

நண்பர் எட்டு லிஃப்டரும் மாற்றியிருந்தார். டிக் போகவில்லை, அடுத்து கீழ்ப்பாதியைப் பிரிக்கலாம் என்று எஸ்டிமேட் வந்துவிட்டது. கேஜில் பிரஷர் சரியாக இருந்தது, பிளக் ஒயர் சோதனையில் மாற்றமில்லை. கேமைக் கழற்றி சிப்காட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்தோம். ஒரே ஒரு லோபின் வட்டம் மற்ற ஏழைவிடத் தெளிவாகச் சின்னது. எஸ்டிமேட்டை மடித்து வைத்துவிட்டு, இப்போது ஒரிஜினல் கேம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.