பொருநையோடு நடந்தே கடலுக்கு

நடந்தே போய்ச் சேர்ந்தாச்சு! பாபநாசத்து மலையடிவாரத்தில் கிளம்பி, புன்னைக்காயலில் கடல் உப்பு உதட்டில் கரிக்கும்வரை ஒரு வாரம், பொருநை என்கிற தாமிரபரணி போன போக்கில். கால் கொப்புளம் இன்னும் ஆறவில்லை, அதற்குள் மறுபடி எப்போ என்று மனசு நச்சரிக்கிறது.

மொத்தமே 128 கிலோமீட்டர் ஆறு. பொதிகையில் பிறந்து, மாநில எல்லையைத் தாண்டாமல் இங்கேயே கடல் சேருகிற வற்றாத நதி. உற்பத்தியாகிற இடம் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பாபநாசநாதர் கோயில் படித்துறையில் ஒரு முங்கு போட்டுவிட்டுத் தொடங்குவதுதான் உத்தமம். தை மாதத்திலும் அந்தத் தண்ணீர் எலும்பைத் தொடும்!

காரில் போகிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கிறது. ஆறு பங்கு பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியானது மட்டும்தான் வெள்ளைக்காரன் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர் கால்வாயில் ஒதுங்கி வயலுக்குப் போகும். நாமும் கால்வாய்க் கரையிலேயே நடக்கலாம். இருபுறமும் பிசான நெல், கதிர் வாங்கும் பருவம். அந்த வாசனைக்கு எந்த அத்தரும் ஈடில்லை.

"எங்க போறிய?" என்று வரப்பில் நின்ற பெரியவர் கேட்டார்.

"கடலுக்கு."

"ஏன், பஸ்ஸு ஓடலையா?"

கடனாநதி வந்து கலக்கிற திருப்புடைமருதூரில் அரைநாள் போய்விட்டது. போகட்டும்! கோபுரத்துக்குள் மர ஏணி ஏறினால் அடுக்கடுக்காக மரச்சிற்பங்கள், சுவர் நிறைய ஓவியங்கள். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் என்னத்தைச் சுற்றினோம் என்றாகிவிட்டது. கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடைப் பாய் எல்லாம் வழியில் வந்துகொண்டே இருக்கும். மூட்டையின் கனம் உங்கள் கவலை.

திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் ஆற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அல்வா கதையைச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம், வாங்கித் தின்னுங்கள். ஆனால் நகரத்துச் சாக்கடை ஆற்றில் இறங்குகிற இடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தேன். வயிறு எரிந்தது.

அதற்குக் கீழே வரலாறு காலில் இடறும். ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று குனிந்தால், எடுத்த இடத்திலேயே விட்டுவைத்த முதுமக்கள் தாழிகள். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் புளியமரம். பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு விலகி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கிறது. கடல் பின்வாங்கிய தூரத்தை நம் கால் அளக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று உறைக்கிறது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் தாண்டியதும் காற்றே மாறிவிடும். அப்புறம் உப்பளம், அலையாத்திக் காடு, மீன் வாடை, புன்னைக்காயல்!

அங்கே கழிமுகத்தில் கத்தினேன், குதித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

வெளிநாட்டு நடைப்பயணத்துக்கு லட்சம் லட்சமாகச் சேர்க்கிறவர்களே, முதலில் இதை நடந்துவிடுங்கள். தை பிறந்ததும் கிளம்புங்கள். பங்குனி வெயில் வந்துவிட்டால் ஆற்றங்கரை மணல் காலைப் பொரித்துவிடும்.