கால்நடையாய்க் கொடிமலை

மலேசியாவின் பிறை நகரிலிருந்து மேற்கே பார்த்தால், கடலுக்கு அப்பால் பினாங்குக் கொடிமலை நீலமாக நிற்கும். உயரம் 833 மீட்டர். 1923 முதல் ரயில் ஏறுகிறது. ஆனால் ரயிலில் போகிறவர்கள் மலையின் பாதி அழகைத் தவறவிடுகிறார்கள் என்பேன்.

தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் அதே பகுதியில்தான், தாவரவியல் பூங்காவை ஒட்டி, நிலா போல வட்டமாக ஒரு பழைய வாசல் இருக்கிறது. அதற்குள் நுழைந்ததுமே ஏற்றம் தொடங்கிவிடும். மழை பெய்து ஓய்ந்த காலைதான் இதற்கு ஏற்ற வேளை. பாதையின் குறுக்கே ஓடும் மர வேர்கள்தான் படிக்கட்டு. மண் வழுக்கும்போது கால் தானாகவே வேரைத் தேடும். மூச்சு வாங்கி நிற்கும்போது மேலே கிளை அசையும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட சாம்பல் நிறக் குரங்கு ஒன்று இலையை மென்றபடி நம்மையே பார்க்கும்.

84 என்று எல்லோரும் அழைக்கும் இளைப்பாறும் இடத்தில் காட்டுப்பாதை தார்ச்சாலையில் சேர்கிறது. அதன் பிறகு செங்குத்து இன்னும் கடுமை, கெண்டைக்கால் இறுகிவிடும். ஆனால் காற்று மாறியிருக்கும். உச்சியில் வெப்பம் நகரத்தைவிட ஏறக்குறைய 5 டிகிரி குறைவு. வியர்வையில் நனைந்த சட்டையோடு அந்தப் பனிமூட்டத்துக்குள் நுழையும்போது உடம்பு சிலிர்க்கும். ஊட்டிக் குளிரில்லைதான், ஏறி வந்தவருக்கு அதுவே சுகம். மேலேயும் ஒரு முருகன் கோயில் உண்டு.

இறங்கும்போது முழங்காலுக்கு இரக்கம் காட்டி ரயிலைப் பிடியுங்கள். ஏறும்போது மட்டும் நடந்தே போங்கள்.