நம் பெயரில் கலைக்கப்பட்ட தேர்தல்

2014ல் டெல்லி ஆட்சியை இழந்த பிறகு காங்கிரஸ் தன்னைத் திருத்திக்கொள்வது பற்றி நிறையவே எழுதியிருக்கிறது. 2022 மே மாதத்து உதய்ப்பூர் அறிக்கையும், 2023 பிப்ரவரியில் ராய்ப்பூரில் செய்த கட்சி விதித் திருத்தமும் முக்கியமானவை. இரண்டையும் நான் ஒரு இலக்கியப் பிரதியை வாசிக்கிற மாதிரியே வாசித்தேன். வினைச்சொல்லுக்கு எழுவாய் யார் என்று தேடுவது நமக்குப் பழகிய வேலைதானே.

உதய்ப்பூர் அறிக்கை ஒரு குடும்பத்துக்கு ஒரு சீட்டுதான் என்கிறது. அடுத்த மூச்சிலேயே, ஐந்து வருஷம் கட்சி வேலை செய்த வாரிசு என்றால் பரவாயில்லை என்கிறது. இதுக்கு மேல அதில் பேச ஒன்றுமில்லை. ராய்ப்பூர்தான் நம் விஷயம். காரியக் கமிட்டியில் பாதி இடம் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், இளைஞர்களுக்கு என்று அங்கே விதியைத் திருத்தினார்கள். நல்லது. அதே மாநாட்டில்தான் காரியக் கமிட்டிக்குத் தேர்தல் கிடையாது, எல்லோரையும் தலைவரே நியமிப்பார் என்றும் முடிவானது. ஆகஸ்டில் 39 பேர் பட்டியல் வந்தது. இடம் கொடுத்தாச்சு, ஓட்டைப் பிடுங்கியாச்சு.

இத்தனைக்கும் தலைவர் கார்கே ஓட்டில் ஜெயித்தவர். 2022 அக்டோபரில் அவருக்கு 7,897 ஓட்டு, சசி தரூருக்கு 1,072. ஜெகஜீவன் ராமுக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஒரு தலித். அவர் கையாலேயே நியமனம்!

இது புதுசு இல்லை. 1992ல் திருப்பதியில் காரியக் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. நரசிம்ம ராவுக்குப் போட்டியாக நின்ற அர்ஜுன் சிங்கும் சரத் பவாரும் ஜெயித்து வந்தார்கள். ஜெயித்தவர்களில் தலித் இல்லை, ஆதிவாசி இல்லை, பெண் இல்லை என்று ராவுக்குத் திடீரென வருத்தம் வந்துவிட்டது. ஜெயித்தவர்களை ராஜினாமா செய்யவைத்து, கமிட்டியை அவரே அமைத்தார். அந்த இருவரும் நியமன உறுப்பினர்கள் ஆனார்கள். ஒரு தலித்தைக்கூடத் தேர்ந்தெடுக்காத ஓட்டு சாதி ஓட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குறையைச் சொல்லி லாபம் அடைந்தது சேரியா, தலைவரா? 1997 கல்கத்தாவோடு காரியக் கமிட்டித் தேர்தல் என்பதே நின்றுபோனது.

"தேர்தல் வச்சா பணமும் சாதியும்தான் ஜெயிக்கும், நம்ம ஆளு ஒருத்தனும் வரமாட்டான்" என்று நம் தோழர்களே சொல்றாங்க. நியமிக்கப்பட்டவர் கூட்டத்தில் யார் முகத்தைப் பார்த்துப் பேசுவார்? தன் கட்சி ஆளுகிற மாநிலத்தில் ஒரு சேரி எரிந்தால் அவர் வாய் திறப்பாரா? பதவியைப் போட்டவர்தானே எடுக்கவும் முடியும்.

வழி இல்லாமல் இல்லை. 1932 பூனா ஒப்பந்தப்படி, ஒவ்வொரு தனி இடத்துக்கும் முதலில் தலித் வாக்காளர்கள் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 1945-46 தேர்தலில் முதல் சுற்றில் முன்னே வந்த ஷெட்யூல்டு காஸ்ட் பெடரேஷன்காரர்கள் இரண்டாம் சுற்றில் சாதி இந்துக்களின் ஓட்டால் தோற்றதை அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். ஆக, முதல் சுற்று போதும். காரியக் கமிட்டியின் தலித் இடங்களுக்குக் கட்சியின் தலித் உறுப்பினர்கள் மட்டும் ஓட்டுப் போடட்டும். வட்டாரக் கமிட்டியிலிருந்தே ஆரம்பிக்கட்டும். இதற்குப் பாராளுமன்றம் வேண்டாம், ஒரு கட்சி விதி போதும். அதற்கு முன்னால் எந்தக் கிளையில் தலித் உறுப்பினர் எத்தனை பேர் என்று கணக்கு வெளியே வரணும். உள்ளே இருக்கிற நம் ஆட்கள் முதலில் அந்தக் கணக்கைக் கேட்கட்டும்.