ஆறாம் வகுப்புக்கு ஒரு சிம்: டேட்டா வேண்டாம், பேச்சு போதும்

ஐந்தாம் வகுப்பு வரை மகளின் பள்ளி பக்கத்துத் தெருவில் இருந்தது. ஜூன் பிறந்ததும் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு டவுன் பஸ், அங்கிருந்து கொஞ்சம் நடை, மாலையில் அதே வழியாகத் திரும்பல். ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் முதல்முறையாக நம் பார்வைக்கு எட்டாத தூரத்துக்குத் தனியாகப் போகிறார்கள். பல வீடுகளில் செல்போன் பேச்சு எழுவதும் அப்போதுதான். எந்த போன் என்று வாரக்கணக்கில் அலசுகிறோம். எந்த பிளான் என்பது மட்டும் ரீசார்ஜ் கடை வாசலில் நின்றபடியே முடிவாகிவிடுகிறது. பிள்ளையின் பழக்கத்தை உருவாக்குவதில் போனைவிட பிளானுக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். ஆகவே இந்த விமர்சனம் போனைப் பற்றியது அல்ல, பிளானைப் பற்றியது.

கோடை விடுமுறையில் என் பழைய ஆண்ட்ராய்டு போனில் தினசரி டேட்டா பிளான் போட்டு, கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியையும் நிறுவி மகளிடம் கொடுத்தேன். பள்ளி திறந்த பிறகு வாய்ஸ் மட்டும் உள்ள சிம்மை ஒரு 4ஜி கீபேட் போனில் போட்டுக் கொடுத்தேன். இரண்டையும் அவள் அன்றாடம் பயன்படுத்தினாள்.

முதலில் டேட்டா பிளான். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, 28 நாளைக்கு தினம் ஒன்றரை ஜிபி தரும் ஜியோ பிளான் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. பெரும்பாலான வீடுகளில் ஓடுவது இந்த மாதிரி பிளான்தான். பெரியவர்களுக்கு இதில் குறையில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு இதன் அமைப்பே பொருந்தவில்லை. ஒன்றரை ஜிபியும் நள்ளிரவோடு காலாவதியாகிவிடும், மிச்சம் மறுநாளுக்குச் சேராது. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மகள் வந்து, "இன்னும் 800 எம்பி இருக்குப்பா, சும்மா வேஸ்டாப் போயிடும்" என்றாள். அவளுக்குப் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. மிச்சமிருப்பதைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் அவளை அந்த நேரத்தில் திரையிடம் அழைத்துப் போனது. சோற்றை வீணாக்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை வேறு எப்படி யோசிக்கும்? தினசரி ஒதுக்கீடு அவளுக்கு தினசரி இலக்காகவே மாறிவிட்டது. அளவு தீர்ந்தாலும் இணைப்பு நிற்பதில்லை, 64 கேபிபிஎஸ் வேகத்துக்குக் குறைகிறது. அப்போது வீடியோ ஓடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளையும் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

ஃபேமிலி லிங்க் நல்ல கருவி, அதுவும் இலவசம். புதிய செயலி எதையாவது நிறுவ முயன்றால் அனுமதி கேட்டு நம் போனுக்குச் செய்தி வருகிறது. ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கலாம், இரவில் திரையைப் பூட்டலாம். பூட்டியிருந்தாலும் வருகிற அழைப்பைப் பிள்ளை எடுக்க முடியும். ஆனால் நாள் முழுவதும் வேலையில் இருக்கும் பெற்றோர் இதற்குக் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. "இன்னும் பத்து நிமிஷம்ப்பா" என்ற கோரிக்கை அலுவலகக் கூட்டத்தின் நடுவே வரும்போது பெரும்பாலும் சம்மதித்துவிடுகிறோம். பிளான் வாரி வழங்குவதைச் செயலியால் தடுத்துக்கொண்டே இருப்பது தினமும் நடக்கிற இழுபறி. அதில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையில் மனக்கசப்புதான் சேருகிறது.

அடுத்து வாய்ஸ் பிளான். இது கடைகளில் கிடைப்பதற்கே ஒரு விதி வர வேண்டியிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதிகளைத் திருத்தி, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் ரீசார்ஜ் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்றது. முன்பு 90 நாளாக இருந்த உச்சபட்ச செல்லுபடிக் காலத்தையும் 365 நாளாக நீட்டியது. முதியவர்களையும், வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களையும் மனத்தில் வைத்து வந்த மாற்றம் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. 2025 ஜனவரியில் புதிய பிளான்கள் வந்தபோது ஜியோவில் 84 நாளைக்கு 448 ரூபாய், 336 நாளைக்கு 1,748 ரூபாய். ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469, ஓர் ஆண்டுக்கு 1,849. எல்லாவற்றிலும் அழைப்புக்கு வரம்பில்லை. விலைகள் அவ்வப்போது மாறும், போடும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 299 ரூபாய் பிளானை 28 நாளுக்கு ஒருமுறை போட்டால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ், மொத்தம் 3,887 ரூபாய். வாய்ஸ் பிளானுக்கு அதில் பாதிகூட ஆகாது. நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் சொச்சம்தான்.

இதைப் போடச் சொல்லிக் கேட்டபோது கடைக்காரர் வியப்போடு பார்த்தார்.

"பாப்பாவுக்கா சார்? 299 போட்டுடுங்க, டெய்லி ஒன்றரை ஜிபி வரும்."

"வாய்ஸ் மட்டும் போதும்ண்ணே."

"அதை யாரும் கேக்க மாட்டாங்களே. இருங்க, தேடிப் பாக்குறேன்."

தேடித்தான் எடுத்தார். நானே செயலி வழியாக முயன்றபோதும் ஒரு நிறுவனத்தின் முகப்பில் இந்த பிளான் தென்படவில்லை. மற்ற எல்லாவற்றையும் கடந்து கீழே போய், தனிப்பிரிவு ஒன்றைத் திறந்தால்தான் கிடைத்தது. இப்படி ஒரு பிளான் இருப்பது தெரியாமலே எத்தனையோ வீடுகள் இரட்டிப்புச் செலவு செய்கின்றன என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

84 நாள் ரீசார்ஜை நான்கு முறை போட்டால் 336 நாள். ஜூன் 1-ஆம் தேதி தொடங்கினால் மே 2 வரை ஓடும். அதாவது பள்ளி திறப்பதிலிருந்து ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும்வரை. பிள்ளை வீட்டிலேயே இருக்கும் மே மாதத்தில் சில வாரம் ரீசார்ஜ் இல்லாமல் விட்டாலும் பெரிய நட்டமில்லை. அந்த எண்ணை வங்கிக் கணக்குக்கோ ஆதாருக்கோ கொடுத்திருந்தால் மட்டும் அப்படி விடாதீர்கள், ஓடிபி வராமல் போகும். பிள்ளையின் எண்ணை அந்த மாதிரி எதனோடும் இணைக்காமல் இருப்பதே நல்லது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட சிக்னலைப் பாருங்கள். வீட்டுக்குள், பேருந்து நிறுத்தத்தில், பள்ளி வாசலில் என்று மூன்று இடத்திலும் அழைப்பு போக வேண்டும். டிராய் உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் வெளியிட்டிருக்கின்றன. ஆனால் கட்டடத்துக்குள் எப்படி இருக்கும் என்பதை வரைபடம் காட்டாது. உறவினர் சிம்மை ஒருநாள் இரவல் வாங்கி நேரில் அழைத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. ஒரு நிறுவனத்தின் சிம் பள்ளி வாசலில் நன்றாக எடுத்தது, எங்கள் வீட்டு அடுக்களையில் சுத்தமாக எடுக்கவில்லை. பிஎஸ்என்எல் 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி சேவையை நாடு முழுவதும் தொடங்கியிருக்கிறது. உங்கள் ஊரில் அது நன்றாக எடுத்தால் தயங்காமல் பரிசீலிக்கலாம். அலமாரியில் கிடக்கும் பழைய 2ஜி கீபேட் போனையே கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜியோவிடம் 2ஜி வலையமைப்பு இல்லை, அந்த போனில் அதன் சிம் வேலை செய்யாது.

டேட்டா இல்லாத பிளானில் நிஜமான இழப்பு ஒன்று உண்டு. பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று நம் போனின் வரைபடத்தில் பார்க்க முடியாது. இந்த ஒன்றுக்காகவே ஸ்மார்ட்போன் வாங்கும் பெற்றோரை எனக்குத் தெரியும், அவர்களுடைய கவலையும் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், "பஸ் ஏறிட்டேன்ப்பா" என்று அவளே சொல்லும் குரலில் தெரிவது வரைபடத்தில் நகரும் புள்ளியில் தெரியாது. களைப்பா, அழுதிருக்கிறாளா, பக்கத்தில் தோழி இருக்கிறாளா என்பதெல்லாம் அந்தக் குரலில் இருக்கிறது. இருப்பிடமும் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு, 2025 அக்டோபரில் ஜியோபாரத் கீபேட் போன்களுக்கு அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வசதி இருக்கிறது. பிள்ளை இருக்கும் இடத்தை வீட்டார் தெரிந்துகொள்ளலாம், யார் யார் அழைக்கலாம் என்பதையும் அவர்களே முடிவுசெய்யலாம்.

கீபேட் போனால் பள்ளியிலும் சிக்கல் குறைந்தது. கேமரா வைத்த போனுக்கு முகம் சுளித்த வகுப்பாசிரியர், இதைக் காலையில் அலுவலகத்தில் ஒப்படைத்து மாலையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். வாங்கும் முன்பே பள்ளியில் கேட்டுவிடுங்கள். அனுமதியே இல்லாத பள்ளிக்கு எந்த பிளானும் தேவையில்லை.

பதினெட்டு வயதுக்குள் பிள்ளை பெயரில் சிம் தர மாட்டார்கள், பெற்றோர் பெயரில்தான் வாங்க வேண்டும். சிம் போட்டவுடனே 1909-க்கு அழைத்து விளம்பர அழைப்புகள் அனைத்தையும் தடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவி எண் 112, இரண்டையும் போனில் பதிந்து பிள்ளைக்கு மனப்பாடமும் ஆக்கிவிடுங்கள். 2017-க்குப் பிறகு விற்பனைக்கு வந்த கீபேட் போன்களில் 5 அல்லது 9 பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகும். எந்தப் பொத்தான் என்பதைக் காட்டிக்கொடுங்கள். உண்மையான அழைப்பு போய்விடும் என்பதால் வீட்டில் அழுத்திப் பழகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடத்துக்கு இணையம் வேண்டியபோது மகள் வீட்டு வைஃபையில், கூடத்தில் உட்கார்ந்து என் மடிக்கணினியில் பார்க்கிறாள். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ அவளுக்கென்று டேட்டா தேவைப்படும். அப்போதும் நான் தினசரி ஒதுக்கீட்டுக்குப் போக மாட்டேன். ஏர்டெல் 199 போல, 28 நாளுக்கும் சேர்த்து மொத்தமாக 2 ஜிபி தரும் சிறிய பிளான்கள் இருக்கின்றன. இன்று செலவழிக்காதது நாளைக்கு இருக்கும், நள்ளிரவுக்குள் தீர்க்க வேண்டிய அவசரம் இல்லை. எதற்குச் செலவழிப்பது என்பதை அப்போது அவளே திட்டமிட்டுக்கொள்ளட்டும்.