விளக்கும் குடமும்: ஒரு வினாவின் நேர்மை பற்றிய சில சிந்தனைகள்

பொதுத் தேர்தலிலே மக்கள் ஆட்களைத் தெரிவு செய்கின்றனர். சர்வசன வாக்கெடுப்பிலே ஒரு வினாவுக்கு விடையளிக்கின்றனர். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆயின் அரசியற் பிரசாரத்தின் வாய்மை, பொய்மை பற்றிச் சிந்திக்குமிடத்து இதுவே அடிப்படையான வேறுபாடாகிவிடுகிறது. தேர்தல் மேடையிலே பொய்யுரைத்தவர் ஐந்தாறு ஆண்டுகளின் பின்னர் அதே மக்கள் முன்னிலையில் மீண்டும் வந்து நின்றாக வேண்டும். சர்வசன வாக்கெடுப்பின் மேடையிலே பொய்யுரைத்தவருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. வினா ஒருமுறையே கேட்கப்படுகிறது, விடை சட்டமாகிவிடுகிறது. விடையைப் பெற்ற முறை தவறானதென்று பின்னர் தெரியவந்தாலும் அதனைத் திருப்பிப் பெறும் வழி மக்களிடம் இல்லை.

இக்கருத்தினை உலக வரலாற்றிலிருந்து பல சான்றுகள் காட்டி நிறுவலாம். எனினும் நமக்கு மிக அண்மையில் ஒரு சான்று இருக்கிறது. இலங்கையில் இன்றுவரை நாடளாவிய முறையில் நடைபெற்ற ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசெம்பர் 22ஆம் திகதி நடைபெற்றது. அப்போது நம் தலைமுறையினர் பிறந்திருக்கவில்லை. அதனைப் பற்றி மூத்தோரிடம் வினவினால் "விளக்கா, குடமா" என்ற இரு சொற்களே முதலில் வருகின்றன. என்ன வினா கேட்கப்பட்டது என்று மேலும் வினவினால் அவர்களிற் பலர் சற்றே தயங்குகின்றனர். சின்னம் நினைவில் நிற்க வினா மறந்துபோயிற்று. இம்மறதி தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1977 யூலையில் நடைபெற்ற பொதுத் தேர்தலிலே ஐக்கிய தேசியக் கட்சி அளிக்கப்பட்ட வாக்குகளில் பாதியைச் சற்றே கடந்த ஒரு பங்கினைப் பெற்று, 168 ஆசனங்களில் 140 ஆசனங்களைக் கைப்பற்றியது. தொகுதிவாரித் தேர்தல் முறை அளித்த பரிசு அது. அக்கட்சி இயற்றிய 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அம்முறையை நீக்கி விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலிலே ஜே. ஆர். ஜெயவர்த்தனா 52.91 வீத வாக்குகளைப் பெற்று வென்றார். வெற்றி தெளிவானதே. ஆயினும் அவ்வீதம் விகிதாசார முறையிலே ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களாக மாறாது. அரசியலமைப்பைத் தனித்து நின்று திருத்தவல்ல மூன்றில் இரண்டு பங்கும் கிடைப்பது அரிது. 1983 ஓகஸ்டில் பாராளுமன்றத்தின் ஆயுள் முடிவடையவிருந்தது. இந்நிலையிலே தேர்தலை நடத்துவதற்குப் பதிலாகப் பாராளுமன்றத்தின் ஆயுளை 1989 ஓகஸ்ட் 4ஆம் திகதிவரை நீடிக்கும் நான்காவது திருத்தச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து அதற்கு வழிவிட்டனர். மக்கள் தீர்ப்பு ஒன்றே எஞ்சி நின்றது.

மக்களிடம் கேட்கப்பட்ட வினா எத்தகையது? இன்னின்ன திகதி வர்த்தமானியிலே பிரசுரிக்கப்பட்ட அரசியலமைப்பின் நான்காவது திருத்தச் சட்டமூலத்தை அங்கீகரிக்கிறீர்களா என்பதே அதன் சாரம். வர்த்தமானியைக் கண்ணாற் காணாத ஓர் உழவனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இவ்வினா எதனைச் சொல்லும்? "அடுத்த ஆண்டு நடைபெற வேண்டிய பொதுத் தேர்தலை ஆறு ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கச் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்டிருப்பின் ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். கேட்கப்பட்ட வினாவிலே சட்டப்படி ஒரு சொற்கூடப் பொய்யில்லை; ஆயின் உண்மை அதனுள்ளே ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. பொய் சொல்லாமலே ஏமாற்றும் கலையின் முதற்படி இதுவாகும்.

இரண்டாம் படி சின்னங்கள். "ஆம்" என்பதற்கு விளக்கும், "இல்லை" என்பதற்குக் குடமும் வழங்கப்பட்டன. எழுத்தறிவில்லாதோரின் வசதிக்காகவே சின்னங்கள் என்பது உண்மையே. ஆயினும் இலக்கியம் பயிலும் மாணவர்கள் குறியீட்டின் வலிமையை அறிவர். விளக்கு எந்தச் சமயத்தவர்க்கும் ஒளி, அறிவு, மங்கலம். குடமோ நம்மிடையே இருமுகம் கொண்டது: மணவீட்டு வாயிலில் நிறைகுடமாக நிற்பதும் அதுவே, சுடலையிலே தோளில் ஏறி உடைபடுவதும் அதுவே. ஆட்களைத் தெரிவு செய்யும் தேர்தலிலே சின்னம் ஒரு கட்சியைச் சுட்டுவதோடு நின்றுவிடும். ஒரு வினாவுக்குச் சின்னம் சூட்டப்படும்போது அது வினாவின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. ஒளியை விரும்புகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார் யார்?

மூன்றாம் படியே மிகக் கொடியது, அது அச்சம். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியினுள்ளே நக்சலைட்டுகள் சிலர் உள்ளனரென்றும், அவர்கள் தம்மையும் வேறு சிலரையும் கொல்லச் சதி செய்தனரென்றும், அத்தகையோர் பாராளுமன்றத்தினுள் பலம்பெற இடமளிக்கலாகாதென்றும் சனாதிபதி கூறினார். சனாதிபதித் தேர்தலில் ஹெக்டர் கொப்பேகடுவவுக்காக உழைத்த நடிகர் விஜய குமாரதுங்க கைதுசெய்யப்பட்டுத் தடுத்துவைக்கப்பட்டார். வாக்கெடுப்பு முடிந்தபின் அவர் விடுவிக்கப்பட்டார். இச்சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

சான்றில்லாத குற்றச்சாட்டு என்பதோடு இதனை விட்டுவிடலாகாது. வாதத்தின் உள்முரணையும் நோக்க வேண்டும். ஒக்டோபரிலே மக்கள் அக்கட்சியின் வேட்பாளரைத் தோற்கடித்தனர். தீயோரை இனங்கண்டு விலக்கும் ஆற்றல் மக்களுக்கு உண்டென்பதற்கு அதுவே சான்று. அப்படியாயின் அதே மக்கள் அடுத்த ஆண்டு அதே தீயோரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிடுவர் என்று அஞ்சுவதெப்படி? ஒக்டோபரிலே அறிவுடையோராக இருந்த வாக்காளர் டிசெம்பருக்குள் தம்மிடமிருந்தே காப்பாற்றப்பட வேண்டியவர் ஆகிவிட்டனர். மக்களை நம்புவதாகச் சொல்லும் வாக்கெடுப்பு, மக்களை நம்பாமையையே தன் நியாயமாகக் கொண்டிருந்தது.

மறுதரப்பின் குரல் எந்நிலையில் இருந்தது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. சனாதிபதித் தேர்தல் நாளன்று பிரகடனம் செய்யப்பட்ட அவசரகாலநிலை நீடிக்க, அதன் கீழேயே வாக்கெடுப்பு நடைபெற்றது. சட்டமூலத்தை எதிர்த்த பௌத்த பிக்குமார் உள்ளிட்ட மதகுருமாரின் அமைப்பொன்று அச்சிடுவித்த துண்டுப்பிரசுரங்களைப் பொலிசார் கைப்பற்றினர். கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டதென 1983இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கமோ அப்பொலிஸ் அதிகாரிக்கு விதிக்கப்பட்ட இழப்பீட்டைத் தானே செலுத்தி அவருக்குப் பதவி உயர்வும் அளித்தது. பொய்க்கு எதிரான மருந்து மறுப்புரையே. மறுப்புரையின் வாயைக் கட்டிவிட்டால் மெல்லிய பொய்யும் பெருங்குரலாக ஒலிக்கும். வாக்கெடுப்பிலே நடந்த முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளர் தமது அறிக்கையிலே பதிவுசெய்தார். ஆனால் அவ்வறிக்கை 1987இலேயே வெளிவந்தது.

முடிவு யாது? விளக்குக்கு 3,141,223 வாக்குகள். குடத்துக்கு 2,605,983 வாக்குகள். வீதத்திற் சொன்னால் 54.66க்கு 45.34. ஒக்டோபரிலே 81 வீதமாக இருந்த வாக்களிப்பு 71 வீதத்துக்குத் தாழ்ந்தது. சனாதிபதி இரு மாதங்களுக்கு முன் பெற்ற வாக்குகளைவிட விளக்கு மூன்று இலட்சம் வாக்குகள் குறைவாகவே பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலே வாக்களித்தோரிற் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேற்பட்டோர் குடத்தைத் தெரிந்தனர். இத்தனை தடைகளின் நடுவிலும் இருபத்தாறு இலட்சம் பேர் ஒளித்துவைக்கப்பட்ட வினாவைத் தேடிக் கண்டு விடையளித்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பாமர மக்கள் எளிதில் ஏமாறுவர் என்று எழுதும் மேட்டிமை இங்கு பொருந்தாது.

இத்தகைய ஏமாற்று வளர்முக நாடுகளுக்கே உரியது என்று எண்ணவும் வேண்டியதில்லை. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதா என்று பிரித்தானியாவிலே வாக்கெடுப்பு நடந்தபோது, வாரந்தோறும் 35 கோடி பவுண் ஒன்றியத்துக்கு அனுப்பப்படுகிறதென்று ஒரு செந்நிறப் பேருந்திலே எழுதி ஊர்வலம் விட்டனர். கழிவாகக் கிடைத்த தொகையை மறைத்த அவ்வெண் மக்களைத் தவறாக வழிநடத்துவதென்று அந்நாட்டின் புள்ளிவிபர அதிகார சபை வாக்கெடுப்புக்கு முன்னரே கூறியது. பேருந்து நிற்கவில்லை. அங்கே மறுப்பதற்குச் சுதந்திரம் இருந்தது. பொறுப்புக் கூறுவிப்பதற்குத்தான் வழி இருக்கவில்லை. இலங்கையிலும் 2001இல் சனாதிபதி சந்திரிகா அறிவித்துப் பின் கைவிட்ட வாக்கெடுப்பிலே, புதிய அரசியலமைப்புத் தேவையா என்ற வினாவினுள்ளேயே அதன் தேசிய முக்கியத்துவமும் அவசியமும் சேர்த்து எழுதப்பட்டிருந்தன. விடையை வயிற்றில் சுமந்த வினா அது.

பிறரை விமர்சிக்கும் நாம் நம்மையும் அதே அளவுகோலால் அளத்தல் நேர்மை. 1977ஆம் ஆண்டுத் தேர்தலைத் தமிழீழத்துக்கான மக்கள் தீர்ப்பாகக் கொள்ளுமாறு தமிழர் விடுதலைக் கூட்டணி கேட்டது. வட மாகாணத்தின் 14 ஆசனங்களையும் அது வென்றது. கிழக்கிலோ 4 ஆசனங்களையே பெற்றது. எனினும் இரு மாகாணத்து மக்களும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்ததாகவே நம் மேடைகளில் நெடுங்காலம் பேசப்பட்டது. கிழக்கின் தமிழரும் முஸ்லிம்களும் என்ன விடையளித்தனர் என்று நின்று கேட்டோர் சிலரே. வேண்டிய விடையை மட்டும் எண்ணிக்கொள்வதும் வினாவை மறைப்பதும் ஒரே குடும்பத்துப் பிழைகள். அதே கூட்டணி, மக்கள் தமக்கு அளித்தது ஆறு ஆண்டுகளுக்கான ஆணை மட்டுமே என்று கூறி, நீடிக்கப்பட்ட பாராளுமன்றத்தில் அமர மறுத்ததையும் இங்கு மறைத்தலாகாது.

நீடிப்பின் விலையை இறுதியாக நோக்குவோம். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரி 15ஆம் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட காலத்திலேதான் 1983 யூலை வந்தது, ஆறாவது திருத்தம் வந்தது, போர் வந்தது, 1987ஆம் ஆண்டு ஒப்பந்தம் வந்தது. தேர்தல் நடந்திருப்பின் இவையாவும் நிகழ்ந்திரா என்று கூற நான் துணியேன். ஆயின் அவ்விருண்ட ஆண்டுகளிலே ஆள்வோரைக் கேள்வி கேட்கவும் மாற்றவும் மக்கள் வைத்திருந்த ஒரே கருவி அவர்கள் கையாலேயே ஒப்படைக்கப்பட்டிருந்தது. பொய்யின் பயனாகப் பறிபோனது, பொய்யுரைத்தோரைத் தண்டிக்கும் அந்த நாளே.

புதிய அரசியலமைப்புப் பற்றிய பேச்சு இந்நாட்டிலே பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. என்றேனும் ஒருநாள் அது மக்கள் தீர்ப்புக்கு வருமாயின் வாக்குச் சீட்டு நம் கையிலும் இருக்கும். அன்று நாம் மூன்றினைக் கேட்போமாக: சின்னத்தை அகற்றிவிட்டால் எஞ்சும் வினா யாது? மறுதரப்பார் தம் கருத்தை அச்சமின்றிச் சொல்ல முடிந்ததா? இன்று சொல்லப்படுவது பொய்யாயின் நாளை யாரிடம், எங்கே, எப்போது கணக்குக் கேட்பது? இவற்றுக்கு விடை கிடையாதவரை, காட்டப்படுவது விளக்கேயாயினும் அதன் அடியிலுள்ள இருளையே முதலில் நோக்குதல் வேண்டும்.