கரண்ட் போன பிறகும் பாட்டு

தேவிகுளம் மலைகளில் பாட்டு உடை மாற்றிக்கொள்வது புதிதல்ல. 1957இல் கேரளச் சட்டமன்றத்துக்கு இந்தத் தொகுதியிலிருந்து தேர்வான ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தோட்டம் தோட்டமாகப் பாடித் திரிந்தவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். தேயிலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் காதுக்குப் பழகிய மெட்டில் கட்சிக்கு வேண்டிய சொல்லை ஏற்றிப் பாடினார் பாவலர். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரும் பங்கு உண்டு என்று முதலமைச்சர் இ.எம்.எஸ். பாராட்டிய கதையை இன்றும் சொல்வார்கள். அதையொட்டிய காலத்தில் அண்ணன் குழுவில் ஒட்டிக்கொண்ட தம்பி ராசய்யாதான் பின்னாளில் இளையராஜா ஆனார்.

அங்கே மெட்டு நின்றது, சொல் மாறியது. இந்தக் கட்டுரை பேசும் கலையில் போகிறவை அதிகம். சொல் போகும், பாடகர் போவார், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் போகும், கடைசியில் மின்சாரமும் போகும். ஒரு ராக் பாட்டைத் தனி கிளாசிக்கல் கிட்டாருக்கு மாற்றி எழுதும்போது கையில் இருப்பவை ஆறு தந்திகள், அவற்றை மீட்ட வலது கையில் நான்கு விரல்கள், அழுத்த இடது கையில் நான்கு விரல்கள். அவ்வளவுதான்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனைத் தாண்டி, பாம்பாடும் சோலைக்குள் புகுந்து வட்டவடைக்கு வந்தால், அடுக்கடுக்கான பாத்திகளில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து லைன் அறுந்துவிட்டால், கரண்ட் எப்போது வரும் என்று யாரும் நாள் குறித்துச் சொல்ல மாட்டார்கள். ராக் இசை கரண்டை நம்பிப் பிறந்தது. அது போன பிறகு பாட்டில் எது மிஞ்சுகிறது என்பதுதான் இந்தத் துறையின் ஒரே கேள்வி. வட்டவடையில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகவே கேட்டுக்கொள்ளலாம்.

*கடன் வாங்கி வளர்ந்த வாத்தியம்*

ராக் பாட்டைக் கிளாசிக்கல் கிட்டாரில் வாசிப்பதைச் சில ஆசிரியர்கள் இன்றும் விளையாட்டாகவே பார்க்கிறார்கள். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. பியானோவுக்கோ வயலினுக்கோ உள்ளதைப் போன்ற பெரிய சொந்தச் சொத்து கிட்டாருக்கு இருந்ததில்லை. அது பெரும்பாலும் கடனில் வளர்ந்தது. மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபெராவில் வரும் ஒரு சின்ன மெட்டை எடுத்து ஃபெர்னாண்டோ சோர் எழுதிய மாறுபாடுகள் 1821இல் அச்சாயின. மௌரோ ஜுலியானி ரொசினியின் ஓபெரா மெட்டுகளைக் கோத்து 'ரொசினியானா' என்ற வரிசையையே எழுதினார். ஓபெரா மெட்டுகள் அன்றைய ஊர்வாய்ப் பாட்டுகள். அந்தக் காலத்து 'ஹிட்' என்றே சொல்லலாம். அடுத்த தலைமுறைகளில் ஃபிரான்சிஸ்கோ தாரெகா பியானோ உருப்படிகளைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். ஆந்த்ரேஸ் செகோவியா 1935இல் பாரிஸில் பாகின் 'சகோன்' என்ற பெரிய வயலின் உருப்படியைக் கிட்டாரில் வாசித்துக் காட்டினார். அல்பெனிஸின் 'அஸ்தூரியாஸ்' பியானோவுக்கு எழுதப்பட்டது என்று சொன்னால் இன்று பலர் நம்பத் தயங்குவார்கள்.

பாகே இதைச் செய்தவர்தான். தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்த்தித்தாவின் தொடக்கத்தை அவர் ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவுக்குமாகத் திருப்பி எழுதினார். முழுப் பார்த்தித்தாவுக்கும் லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்தின் மரபைச் சேர்ந்த இன்னொரு வடிவமும் உண்டு. கிட்டார்காரர்கள் அதைத் தங்களுடையதாகவே வைத்திருக்கிறார்கள். அதே வயலின் தொடக்கத்தை 1986இல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் இளையராஜா தன் வீட்டு விருந்தாளியாக அழைத்துவந்தார். தியாகராஜருக்கும் பாகுக்கும் காணிக்கையான தொகுப்பு அது. ஒரே இசை நான்கு வீடு மாறியும் பெயர் கெடவில்லை.

*பீட்டில்ஸிலிருந்து மெட்டாலிக்கா வரை*

ராக் உலகத்திலிருந்து கிளாசிக்கல் மேடைக்கு முதலில் வழி கிடைத்தது பீட்டில்ஸுக்கு. ஜப்பானின் தோரு தகெமிட்சு 1977இல் 'கிட்டாருக்கான 12 பாடல்கள்' வெளியிட்டார். அதில் 'யெஸ்டர்டே', 'மிஷெல்', 'ஹே ஜூட்', 'ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்' ஆகிய நான்கும் பீட்டில்ஸ் பாட்டுகள். பாவலர் பாடித் திரிந்த மலைக்காரர்களுக்கு ஓர் உபரிச் செய்தி: அதே தொகுப்பில் 'இன்டர்நேஷனல்' கீதமும் இருக்கிறது. கியூபாவின் லியோ புரோவர் பீட்டில்ஸ் பாட்டுகளைக் கிட்டாருக்கும் வாத்தியக் குழுவுக்கும் எழுதினார். ஸ்வீடனின் யோரான் சொல்ஷர் 1995இல் முழுத் தொகுப்பாகவே பதிவு செய்தார்.

பீட்டில்ஸ் ஏன் முதலில்? அவர்கள் பாட்டுகளில் மேலே மெட்டு ஒரு பக்கம் போனால் அடியில் பேஸ் தன் வழியில் போகும். கிளாசிக்கல் கிட்டார் பழகியதே இந்த இரட்டை நடையில்தான். 1968இல் வந்த 'பிளாக்பேர்ட்' பாட்டுக்கு விதை, தான் சிறுவயதில் பழகிய பாகின் ஒரு பூரே நடனத் துண்டு என்று பால் மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு பழைய வீட்டுக்கே திரும்பி வந்தது.

அடுத்து ராக் கிட்டார்காரர்களே இந்தப் பக்கம் வந்தார்கள். 'யெஸ்' குழுவின் ஸ்டீவ் ஹோ 1971இல் 'மூட் ஃபார் அ டே' வாசித்தார். 'ஜெனசிஸ்' குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 1972இல் பாகின் செல்லோ தொகுதியின் நிழலில் 'ஹொரைசன்ஸ்' எழுதினார். கிளாசிக்கல் கிட்டாரின் பெரும்புள்ளி ஜான் வில்லியம்ஸ் 'ஸ்கை' என்ற குழுவில் சேர்ந்து எதிர்த்திசையில் நடந்தார். 1992இல் வந்த 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில் எரிக் கிளாப்டன் 'டியர்ஸ் இன் ஹெவன்' பாட்டுக்கு எடுத்தது நைலான் தந்திக் கிட்டார். இன்று எங்கும் காதில் விழும் இரண்டு உருப்படிகள் லெட் செப்லினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்', மெட்டாலிக்காவின் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்'. முன்னதன் தொடக்கத்தில் அடிச் சுரம் அரைச்சுரப் படிகளாக இறங்கும்போது மேல் சுரம் ஏறும். ஒரு கிளாசிக்கல் ஆசிரியரே எழுதிக்கொடுத்ததுபோல் இருக்கும். பின்னதன் தொடக்கம் இன்னும் எளிது. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அழுத்தாத தந்திகளைச் சும்மா மீட்டியதில் பிறந்ததாம். ஈ, ஜி, பி, ஈ: நான்கும் இடது கை தேவைப்படாத சுரங்கள்.

*பட்டறைக்குள்*

இனி வேலை. மின்கிட்டாரின் விரல்பலகை மேல்முனையில் ஏறக்குறைய 42 மில்லிமீட்டர் அகலம். கிளாசிக்கல் கிட்டாருக்கு 52. தந்திகள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒவ்வொரு விரலும் தன் தந்தியைத் தனியாகத் தொட முடியும். லாபம் அது. நஷ்டம் ஒலியின் ஆயுள். ஒலியை வேண்டுமென்றே கரகரக்கவைக்கும் டிஸ்டார்ஷன் போட்ட மின்கிட்டாரில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டுப் பத்து எண்ணும்வரை காத்திருக்கலாம். 1940களில் நரம்புத் தந்திக்குப் பதிலாக ஆல்பர்ட் அகஸ்டின் கொண்டுவந்த நைலான், மீட்டிய கணத்திலேயே தேயத் தொடங்கிவிடும். ஆகவே பாடகரின் நீண்ட கார்வையை எழுதுகிறவர் மூன்றில் ஒரு வழி தேட வேண்டும்: மூன்று விரல்களால் மாற்றி மாற்றி அடிக்கும் ட்ரெமலோ, சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்து இடைவெளியை நிரப்பும் ஆர்பெஜியோ, அல்லது துணிந்து மௌனம். ட்ரெமலோ கவர்ச்சியானது, ஆனால் எந்தப் பாட்டையும் தாரெகாவின் புகழ்பெற்ற ட்ரெமலோ உருப்படியான 'அல்ஹம்ப்ரா'வாக மாற்றிவிடும். மௌனத்துக்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும்.

ராக்கின் முதுகெலும்பு பவர் கார்டு: அடிச் சுரமும் அதன் பஞ்சமமும், நடுவில் காந்தாரம் இல்லாமல். அந்தக் காந்தாரத்தை விலக்கியதற்கு இயற்பியல் காரணம் உண்டு. டிஸ்டார்ஷன் இரண்டு சுரங்களின் அதிர்வெண் வேறுபாட்டையும் மூன்றாவது சுரமாக ஒலிக்கவைக்கும். ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் விகிதம் 2க்கு 3, வேறுபாடு 1. அதாவது அடிச் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, யாரும் வாசிக்காத ஷட்ஜம் ஒன்று தானாக எழும். காந்தாரத்தைச் சேர்த்தால் இதே கணக்கு கலங்கிச் சேறாகிவிடும். கரண்ட் போனதும் அந்தக் கீழ் ஷட்ஜமும் போய்விடுகிறது. பவர் கார்டை அப்படியே நைலானில் வாசித்தால் ஓட்டைப் பானை ஒலிப்பதுபோல் இருப்பது இதனால்தான். ஆம்ப் இலவசமாகக் கொடுத்ததை இப்போது கட்டைவிரல் உழைத்துக் கொடுக்க வேண்டும். ஆறாவது தந்தியை ஈயிலிருந்து டிக்கு இறக்கி வைப்பது இந்த உழைப்புக்கான முதலீடு.

சுருதித் தேர்வு அடுத்தது. ஈ, ஏ, டி ஆகிய மூன்றிலும் அடித்தந்தியை அழுத்தாமலே பேஸ் கிடைக்கும்; இடது கை மெட்டுக்கு மிச்சமாகும். குவீனின் 'பொஹீமியன் ராப்சடி' பியானோவில் பிறந்து பி-ஃப்ளாட்டில் நிற்கிற பாட்டு. அங்கே கிட்டாரின் ஈ, ஏ அடித்தந்திகள் இரண்டும் உதவாது. அமெரிக்கரான எட்கர் குரூஸ் அதைத் தனிக் கிட்டாரில் வாசித்துப் பெயர் எடுத்தார் என்றால், பாடகர் கூட்டத்தையே விரல்களுக்குள் அடக்கிய கணக்குதான் காரணம்.

தந்தியை ஓரமாக இழுத்துச் சுரத்தை ஏற்றும் 'பெண்ட்' எஃகுத் தந்தியின் சொத்து. நைலானில் அதே தூரம் இழுத்தாலும் சுரம் கொஞ்சம்தான் நகரும். வழுக்கி ஏறுவது, நீளவாக்கில் விரலை அசைத்து நடுக்குவது என்று வேறு வழியில்தான் அந்த அழுகையைக் கொண்டுவர வேண்டும். டிரம்ஸுக்கு நேரடி மாற்று தேடிப் பெட்டியைத் தட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் ராக்கின் அழுத்தமான அடி, நாலு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நாலாவதிலும் விழுகிறது. அந்த இரண்டு இடங்களில் ஒரு சுரத்தைச் சட்டென்று அணைத்துவிட்டாலே போதும். காது டிரம்ஸைத் தானே கேட்டுக்கொள்ளும்.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இன்னொரு வகைப் பாடம். 1971 டிசம்பரில் மான்த்ரோ சூதாட்ட விடுதி எரிந்ததைப் பற்றிய பாட்டு அது. அதில் திரும்பத் திரும்ப வரும் அந்தப் புகழ்பெற்ற சுரத்தொடரை, அதாவது ரிஃபை, கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் இரண்டிரண்டு சுரங்களாக, பிளெக்ட்ரம் இல்லாமல் விரலால் கிள்ளி வாசித்தார். கிளாசிக்கல் கைக்கு அது ஏற்கெனவே தெரிந்த வேலை. உலகமே ஆம்ப்பின் உறுமலாக நினைக்கும் ஒன்று, அடியில் இரண்டு விரல்களின் சங்கதி.

சங்கதி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். ராக் பாட்டில் ஒரே மெட்டு மூன்று சரணங்களில் வரும். சொல் மாறுவதால் சலிக்காது. கிட்டாரில் சொல் இல்லை. இரண்டாம் முறையும் அப்படியே வாசித்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். நம் கச்சேரி மரபில் பல்லவியின் ஒரே வரியைச் சங்கதி சங்கதியாக விரிப்பதுபோல, இரண்டாம் சரணத்தில் உள்சுரம் ஒன்றைச் சேர்த்து, மூன்றாவதில் மெட்டைக் கீழ்ஸ்தாயிக்கு இறக்கி எழுதுகிறவரே நல்ல அரேஞ்சர்.

*மலையின் இரு பக்கமும்*

நம் பக்கத்தில் இந்தத் துறைக்கு முன்னோடி யார் என்றால், வட்டவடைக்குத் தெற்கே, இதே மலையின் கிழக்கடிவாரத்துப் பண்ணைப்புரத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். ஜி.கே.வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்தவர். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வில் ஆர்.சந்திரசேகரின் விரல்கள் பின்னும் கோலம், பாடகரை எடுத்துவிட்டாலும் தனித்து நிற்கும் அளவுக்கு முழுமையானது. தமிழில் ஒருவர் இந்தக் கலையைத் தொடங்க நினைத்தால் அதைவிட நல்ல முதல் பாடம் இல்லை.

மலைக்கு மேற்கே கொச்சி. அங்கே 'தேர்ட்டீன் ஏடி' குழு 1990இல் 'கிரவுண்ட் ஜீரோ' வெளியிட்டது. 'மதர்ஜேன்' குழுவில் பைஜு தர்மஜன் மின்கிட்டாரில் கர்நாடக வளைவுகளைக் கொண்டுவந்தார். 'அவியல்' 2008இல் மலையாளச் சொல்லுக்கு ராக் உடல் கொடுத்தது. ராணிப்பேட்டைக்காரரான பிரசன்னா, கர்நாடகக் கிட்டாரின் நாக்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' தந்தார். இவை எல்லாம் மின்கிட்டார் உலகம். ஆனால் கமகத்தையும் ரிஃபையும் ஒரே கையில் கட்டும் கேள்விக்கு விடை தேடியவர்கள் இவர்கள். நைலான் தந்திக்கு எழுதுகிறவரும் இவர்களைத் தாண்டிப் போக முடியாது.

சட்டம் ஒன்றையும் மறக்கக் கூடாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் இசைப் படைப்பை வேறு வாத்தியத்துக்கு அமைத்து எழுதுவதும் 'தழுவல்'தான். அந்த உரிமை படைத்தவருடையது. அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். வீட்டுத் திண்ணையில் வாசிப்பது வேறு; நோட்ஸ் அச்சடித்து விற்பது வேறு. சோரும் பாகும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள். பீட்டில்ஸ் தாண்டவில்லை.

*மிஞ்சுவது*

பாவலரின் பாட்டு வென்றதற்குக் காரணம், கேட்டவர்களுக்கு மெட்டு முன்பே தெரியும் என்பது. இன்று ராக் பாட்டைக் கிட்டாரில் வாசிக்கும் பெரும்பாலோர் அந்தத் தெம்பில்தான் வாசிக்கிறார்கள். முதல் நான்கு சுரத்திலேயே கேட்பவர் முகம் மலரும், 'அட, மெட்டாலிக்கா!' என்று. அது பாட்டின் வெற்றி. அரேஞ்ச்மென்டின் வெற்றி இன்னும் தொடங்கவில்லை.

சோர் எழுதிய மாறுபாடுகளைப் பழகும் மாணவர்களில் எத்தனை பேர் அந்த ஓபெராவைப் பார்த்திருப்பார்கள்? மெட்டு எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் 200 ஆண்டுகளாக அது வாசிக்கப்படுகிறது. ராக் பாட்டுக்கும் பரீட்சை அதுவே. கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, அசலை ஒருமுறைகூடக் கேட்டிராத ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் அவர், 'யாரோட பாட்டு?' என்று கேட்காமல், 'இன்னொரு தரம் வாசிங்க' என்று சொல்ல வேண்டும்.